ராத்திரி 1.40க்கு வந்த டூட்டி சொலிசிட்டர் – லண்டன்ல இலவச கிரிமினல் வக்கீல் சேவை, என் அனுபவமும் அவங்க பில் கணக்கும்

மார்க்கை முதல்லயே சொல்லிடறேன். சேவைக்கு 5க்கு 4½. அந்தச் சேவையைச் செய்யற ஆபீசுங்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கற விதத்துக்கு 5க்கு 1½. ஏன் ரெண்டு மார்க்குனு கேட்டீங்கன்னா அதுக்குத்தான் இவ்ளோ பெரிய ரிவியூ, பொறுமையா படிங்க, யாருக்காவது என்னைக்காவது கண்டிப்பா உதவும்.

2023 நவம்பர், ஒரு சனிக்கிழமை ராத்திரி. என் சித்தி பையன் கிழக்கு லண்டன்ல மாஸ்டர்ஸ் படிச்சிட்டிருந்தான், நாலு பசங்க சேர்ந்து ஒரு வீடு, டெபாசிட் காசு விஷயத்துல ரெண்டு பேருக்குள்ள வாய்ச்சண்டை வந்து, தள்ளுமுள்ளாகி, இன்னொரு பையனுக்கு உதடு கிழிஞ்சிருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க போலீசுக்கு போன் பண்ணிட்டாங்க, இவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு விஷயம் தெரியறப்போ மணி 10.50. மழை வேற. நான் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தா கவுண்டர்ல இருந்தவங்க மரியாதையாத்தான் பேசினாங்க, ஆனா உள்ள இருக்கறவனைப் பாக்க முடியாது, என்ன நிலமைனும் சொல்ல மாட்டோம், வேணும்னா உக்காந்திருங்கன்னாங்க. தரையோட போல்ட் போட்ட இரும்பு நாற்காலி. அதுலதான் விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

அங்க உக்காந்துதான் நான் செஞ்ச முதல் தப்பைச் செஞ்சேன். நெட்ல தேடி, 24 மணி நேரமும் வருவோம்னு போட்டிருந்த ஒரு பிரைவேட் ஆபீசுக்கு போன் பண்ணேன் (பேர் சொல்லப் போறதில்ல). எடுத்தவர் நான் முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள, 1,200 பவுண்டும் அதுக்கு மேல வாட் வரியும் இப்பவே கார்டுல கட்டுங்க, கட்டினாத்தான் ஆள் கெளம்புவாரு அப்டின்னார். சரி, அது அவங்க ரேட்டு, அவங்க தொழிலு, தப்பு சொல்ல முடியாது. ஆனா அதோட விடல, டூட்டி சொலிசிட்டர்ங்கறவங்க போலீஸ் ஆளுங்க, அவங்களை நம்பினா உங்க தம்பி வாழ்க்கை போச்சுன்னும் சேர்த்துச் சொன்னார். கையில போனோட அந்த ராத்திரி நேரத்துல அதைக் கேக்கறவன் என்ன பண்ணுவான், கார்டை வெளிய எடுத்துட்டேன். அப்போ தஞ்சாவூர்லேருந்து சித்தப்பா கால் வந்துச்சு, அங்க விடிஞ்சுகூட இருக்காது, அழுதுகிட்டே "ஃப்ரீ வக்கீல்னா கவர்மென்ட் ஆளுதானப்பா, அவங்க எப்படிப்பா நம்மாளுக்காகப் பேசுவாங்க, காசைப் பாக்காத, நான் அனுப்பி வைக்கிறேன்"னார். ஊர்ல இருக்கறவருக்கும் லண்டன்ல அந்த ஆபீஸ்காரருக்கும் வார்த்தைகூட மாறல பாருங்க, அதனாலதான் இந்த விஷயத்தை நல்லா விளக்கிச் சொல்லணும்னு எனக்குத் தோணுது.

டூட்டி சொலிசிட்டர் போலீஸ் ஆளும் இல்ல, கவர்மென்ட் சம்பளக்காரரும் இல்ல. அவங்க ஒரு தனியார் சட்ட ஆபீஸ்ல வேலை பாக்கற வக்கீல். அந்த ஆபீஸ் லீகல் எய்ட் ஏஜென்சியோட (லீகல் எய்ட்னா அரசாங்கம் காசு கொடுக்கற சட்ட உதவி, அதை நடத்தற அரசு அமைப்பு இது) ஒப்பந்தம் போட்டிருக்கும், அந்த வக்கீல் கிரிமினல் வழக்குக்குன்னு தனியா பரீட்சையும் அக்ரெடிட்டேஷனும் (தகுதிச் சான்று) முடிச்சிருக்கணும், அதுக்கப்புறம் ஏரியாவுக்கு ஒரு ரோட்டா போட்டு, இன்னைக்கு ராத்திரி இந்த ஸ்டேஷன்ல யாரைப் பிடிச்சாலும் இந்த ஆபீஸ் போகணும்னு முறை வெச்சிருக்காங்க. போலீஸ் நேரா வக்கீலுக்கு போன் பண்ண மாட்டாங்க, டிஃபென்ஸ் சொலிசிட்டர் கால் சென்டர்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் சொல்லுவாங்க, அங்கேருந்து ஒரு ரெஃபரன்ஸ் நம்பரோட ஆபீசுக்குப் போகும். அந்த நம்பர் இல்லன்னா பின்னாடி பில்லே போட முடியாது. 1984ல வந்த போலீஸ் சட்டத்துலயே கைது ஆனவருக்கு வக்கீல் வேணும்னு கேக்கற உரிமை இருக்கு, ஸ்டேஷன்ல இந்த டூட்டி முறை 1986லேருந்து ஓடுது. ஸ்டேஷன்ல கொடுக்கற ஆலோசனைக்கு வருமான கணக்கு கிடையாது, விசா பாக்கறது கிடையாது, கோடீஸ்வரனுக்கும் இலவசம்தான்.

இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. என் தம்பிக்கும் தெரியாது. முதல்ல உள்ள கூட்டிட்டுப் போனப்ப கஸ்டடி சார்ஜன்ட் (பிடிச்சு வெச்சவங்களைப் பாத்துக்கற போலீஸ் அதிகாரி) வக்கீல் வேணுமானு கேட்டிருக்காரு, இவன் செலவாகுமேன்னு பயந்து வேணாம்னுட்டான். வக்கீல் வரட்டும்னா லேட் ஆகும்னு பக்கத்துல யாரோ ஒருத்தர் சொன்னதும் காரணம்னு பின்னாடி சொன்னான். அப்படி யாரும் மனசை மாத்தற மாதிரி பேசவே கூடாதுன்னு விதியே இருக்கு. உரிமைகளை எழுதின பேப்பர் ஒண்ணு கொடுப்பாங்க, அது தமிழ்லயும் இருக்கு, கேட்டா எடுத்துத் தரணும். இவன் ஒரு மணி நேரம் செல்லுக்குள்ள உக்காந்து அதைப் படிச்சிட்டு, மணி அடிச்சுக் கூப்பிட்டு, எனக்கு வக்கீல் வேணும்னு கேட்டிருக்கான். முதல்ல வேணாம்னு சொன்னாலும் எப்போ வேணும்னாலும் மனசு மாத்திக்கலாம், இன்டர்வியூ நடுவுலகூட. இதை வெளிநாட்டுல படிக்கற பசங்களை அனுப்பி வெச்சிருக்கற ஒவ்வொரு வீட்லயும் சொல்லி வையுங்க.

1.40க்கு அவங்க வந்தாங்க. ஐம்பது வயசு தாண்டின ஒரு அம்மா, நனைஞ்ச கோட்டு, தோள்ல ஒரு பெரிய பை, கையில ஃப்ளாஸ்க். கவுண்டர்ல பேர் சொல்லி உள்ள போறப்போ என்னைப் பாத்து நீங்க அவரோட குடும்பமான்னு கேட்டாங்க, ஆமாங்கன்னேன், என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது, அவர் சம்மதிச்சா வெளிய வந்து சொல்றேன், தண்ணி குடிங்கன்னாங்க. அவ்ளோதான். ஆனா அந்த ஒரு வார்த்தைல எனக்கு மூச்சு திரும்பி வந்துச்சு, நிஜமா சொல்றேன்.

உள்ள நடந்ததை தம்பி பின்னாடி சொன்னதை வெச்சு எழுதறேன். முதல்ல போலீஸ்கிட்ட உக்காந்து, உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்குன்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க, அப்புறம் இவன்கூட தனி ரூம்ல முக்கா மணி நேரம். அவசரமே படலையாம். என்ன சாப்பிட்டே, தூங்கினியா, மருந்து ஏதாவது எடுக்கறியாங்கறதுலேருந்து ஆரம்பிச்சு, சண்டைக்கு முன்னாடி அந்தப் பையன் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் வரைக்கும் ஒண்ணுவிடாம எழுதிக்கிட்டாங்களாம். இன்டர்வியூ முடிஞ்சப்புறம்தான் முக்கியமான இடம் வந்துச்சு. இவன் ஒத்துக்கிட்டா காஷனோட முடிச்சிடலாம்ங்கற பேச்சு வந்திருக்கு. காஷன்னா எச்சரிக்கைதானே, வீட்டுக்குப் போயிடலாமேன்னு இவன் தலையாட்டப் போயிட்டான். அவங்க நிறுத்தி, காஷன் வாங்கணும்னா குத்தத்தை ஒத்துக்கணும், அது ரெகார்டுல நிக்கும், வேலைக்குப் போறப்போ செக் பண்ணா வரலாம், விசா அப்ளிகேஷன்ல சொல்ல வேண்டி வரும், நீ உன்னைக் காப்பாத்திக்கத்தான் தள்ளினேன்னு சொல்றியே, அப்போ எதுக்கு ஒத்துக்கறேன்னு கேட்டாங்களாம். அந்த ஒரு கேள்விதான் அவனோட இன்னைக்கு வேலை, விசா எல்லாத்தையும் காப்பாத்திச்சு. யோசிச்சுப் பாருங்க, அவங்க இல்லன்னா 22 வயசுப் பையன் தூக்கக் கலக்கத்துல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு சந்தோஷமா வெளிய வந்திருப்பான்.

5.50க்கு பெயில்ல வெளிய விட்டாங்க. அப்புறம் ரெண்டு தடவை திரும்ப ஸ்டேஷன் போக வேண்டியிருந்துச்சு, முதல் தடவை உக்கார வெச்சு தேதி தள்ளிப் போட்டாங்க, ரெண்டாவது தடவை, இனி மேல நடவடிக்கை இல்லங்கற அர்த்தத்துல, நோ ஃபர்தர் ஆக்‌ஷன்னு முடிச்சாங்க. நடுவுல அவங்க அந்த மெசேஜ் எல்லாம் வரிசையா வெச்சு ஆபீசருக்கு லெட்டர் எழுதினாங்க, நாங்க போன்ல நச்சரிச்சும் லைன் கிடைச்சப்பல்லாம் பொறுமையா பேசினாங்க. எங்க கைலேருந்து ஒரு பென்னி செலவில்ல.

இனி பணக் கணக்கு. நான் அக்கவுண்ட்ஸ் வேலை பாக்கறவன், சின்னச் சின்ன கம்பெனிகளுக்குக் கணக்கு முடிச்சுக் கொடுக்கறதுதான் தொழில், அதனால யாராவது இவ்ளோ வேலையை இலவசமா செஞ்சா இதுக்கு யார் எவ்ளோ கட்டறாங்கன்னு மனசு கேக்காம விடாது. ரெண்டாவது தடவை ஸ்டேஷன்ல காத்திருந்தப்போ அவங்க நோட்டைப் பாத்தேன். ஓரத்துல வரிசையா நேரம் எழுதியிருந்துச்சு, ஆறு நிமிஷத்துக்கு ஒரு யூனிட், பயணம் தனி, காத்திருந்தது தனி, ஆலோசனை தனி, போன் தனி. ஓ மணிக்கணக்குல பில்லானு கேட்டேன். இல்லங்க, எழுதி வெக்கணும், ஆடிட் வந்தா காட்டணும், ஆனா காசு ஃபிக்ஸ்டு ஃபீதான்னாங்க.

ஃபிக்ஸ்டு ஃபீன்னா என்னன்னு விளக்கறேன். 2008லேருந்து ஸ்டேஷன் வேலைக்கு, ஒரு கேசுக்கு ஒரு தொகை. 40 நிமிஷத்துல முடிஞ்சாலும் அதே தொகை, 8 மணி நேரம் ஆனாலும் அதே தொகை. ராத்திரி ரெண்டு மணின்னாலும் மத்தியானம் ரெண்டு மணின்னாலும் அதே. கார்ல போற நேரம், காத்திருக்கற நேரம் எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். பெயில்ல விட்டு மூணு தடவை திரும்பக் கூப்பிட்டாலும் அதே ஒரு ஃபீ. நாட்டுல இருநூறுக்கும் மேல ஸ்டேஷன் ஸ்கீம் இருக்கு, ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒவ்வொரு ரேட்டா வெச்சிருந்தாங்க, அதனால பக்கத்துப் பக்கத்து ஊர்ல ஒரே வேலைக்கு வேற வேற காசு. 2025 மே மாசம் அரசாங்கம் எல்லா ஏரியாவுக்கும் ஒரே ரேட்டா 320 பவுண்டுன்னு முன்வெச்சுது. எங்க கேஸ் நடந்தப்போ பெரும்பாலான ஏரியாவுல இதைவிடக் கம்மி. சரி, தாராளமா 320ஏ வெச்சுக்குவோம்.

எங்க கேசுக்கு ஆன நேரம், அவங்க நோட்டுலேருந்து: முதல் ராத்திரி ஸ்டேஷன்ல 4 மணி 10 நிமிஷம், போக வர பயணம் 1 மணி 20 நிமிஷம், முதல் பெயில் தேதிக்குப் பயணத்தோட சேர்த்து ரெண்டரை மணி, லெட்டரும் போனும் ரெண்டு மணி, கடைசி நாள் ஒரு மணி. மொத்தம் 11 மணி நேரம். 320ஐ 11ஆல வகுத்தா மணிக்கு 29 பவுண்டு. இது அவங்க சம்பளம் இல்ல, ஆபீசுக்கு வர்ற வருமானம். இதுலேருந்து ஆபீஸ் வாடகை, தொழில்முறை இன்ஷூரன்ஸ், வருஷா வருஷம் லைசென்ஸ் ஃபீ, பில் போடற பொண்ணு சம்பளம், சாஃப்ட்வேர், பெட்ரோல் எல்லாம் போய் மிச்சம்தான் ராத்திரி முழிச்சவங்களுக்கு. போன குளிர்காலத்துல எங்க வீட்டு பாய்லர் நின்னு போயி ஞாயித்துக்கிழமை ஒருத்தரைக் கூப்பிட்டோம், முதல் மணி நேரத்துக்கு 140 பவுண்டு வாங்கினாரு, நல்லா செஞ்சாரு, அவருக்கு அது நியாயம்தான். ஆனா ஒருத்தனோட வாழ்க்கையைக் காப்பாத்தற வேலைக்கு அதுல கால்வாசிகூட வரலைங்கறப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது.

இன்னொண்ணு கேளுங்க, ஒரு அக்கவுண்டன்டா என்னை ரொம்பக் குடைஞ்ச விஷயம் இதுதான். ரொம்ப நேரம் இழுத்த கேசுக்கு எக்ஸ்ட்ரா உண்டானு கேட்டேன். உண்டு, ஆனா எப்படின்னா, அப்போ இருந்த விதிப்படி மணிக்கணக்கு ரேட்ல போட்டுப் பாத்து அது ஃபிக்ஸ்டு ஃபீயைப் போல மூணு மடங்கைத் தாண்டணும். தாண்டினா, தாண்டின பகுதிக்கு மட்டும் எக்ஸ்ட்ரா. சுலபமா புரிய ஃபீ 300னு வெச்சுக்கோங்க, வரம்பு 900. நீங்க 850 பவுண்டு மதிப்புள்ள வேலை செஞ்சா 300 வரும். 950க்கு வேலை செஞ்சா 300 கூட 50, மொத்தம் 350 வரும். நடுவுல இருக்கற 600 பவுண்டு வேலை அப்படியே ஆபீஸ் தலைல. நான் பாக்கற கணக்குல எந்த வியாபாரி இப்படி ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவாரு? இதுல போடறாங்க, ஏன்னா வேற வழி கிடையாது, வாங்கறவன் ஒரே ஒருத்தன், அது அரசாங்கம். சின்ன கேஸ்ல மிச்சம் பிடிச்சு பெரிய கேஸ்ல விட்டதைச் சரி பண்ணிக்கோங்கங்கறதுதான் இந்த முறையோட தத்துவம். ஆனா ஸ்டேஷன்ல காத்திருக்கற நேரம் கூடிக்கிட்டே போனா மிச்சம் பிடிக்கற சின்ன கேசே இல்லாம போயிடும். கேஸ்காரருக்கு மனநிலை சரியில்ல, மொழிபெயர்ப்பாளர் வரணும், டாக்டர் பாக்கணும்னா இன்னும் இழுக்கும், அதாவது யாருக்கு வக்கீல் அதிகமா தேவையோ அவங்க கேஸ்லதான் ஆபீசுக்கு நஷ்டம் அதிகம்.

விலைவாசியோட சேர்த்துப் பாருங்க. 2014 மார்ச்சுல இந்த ஃபீயை 8.75% வெட்டினாங்க. அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொரு வெட்டு போட்டு, 2016ல அதை நிறுத்திட்டாங்க. 2022 செப்டம்பர் கடைசியில 15% ஏத்தினாங்க. 2014க்கு முன்னாடி 100 பவுண்டு வாங்கினவர் வெட்டுக்கப்புறம் 91.25 வாங்கினாரு, ஏத்தினதுக்கப்புறம் ஏறக்குறைய 105. எட்டு வருஷத்துல 5 பவுண்டு. லண்டன்ல வாடகை கட்டறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

இதை ஏதோ வக்கீலுங்க புலம்பறாங்கன்னு தள்ளிடாதீங்க. அரசாங்கமே நியமிச்ச முன்னாள் ஜட்ஜ் பெல்லமியோட ரிப்போர்ட் 2021 டிசம்பர்ல வெளியாச்சு, கிரிமினல் லீகல் எய்டுக்கு மொத்தமா வருஷத்துக்கு 135 மில்லியன் பவுண்டு, அதாவது குறைஞ்சபட்சம் 15%, உடனே ஏத்தணும்னாரு. பாரிஸ்டர்கள் (கோர்ட்ல நின்னு வாதாடற வக்கீல்கள்) 2022ல கோர்ட்டைப் புறக்கணிச்சுப் போராடினாங்க, அக்டோபர்ல சமரசம் ஆச்சு. சொலிசிட்டர் ஆபீசுகளுக்கு மட்டும் ஒட்டுமொத்தமா பாத்தா அந்த 15% வந்து சேரல. அதனால சொலிசிட்டர்களோட சங்கமான லா சொசைட்டி கேஸ் போட்டுச்சு, 2024 ஜனவரி 31ஆம் தேதி ஹைகோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, அந்த முடிவு எடுத்த விதம் பகுத்தறிவுக்குப் பொருந்தலன்னு. இந்த முறை கொஞ்சம் கொஞ்சமா தையல் விட்டுக்கிட்டு இருக்கு, சீக்கிரம் காசு வரலன்னா ஒருநாள் விழுந்துடும்னு சொல்றது மிகையில்லங்கற அர்த்தத்துல ஜட்ஜுங்களே எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் 2024 கடைசில, ஆட்சி மாறினப்புறம், ஸ்டேஷன்லயும் சிறுவர் கோர்ட்லயும் ஃபீ கொஞ்சம் ஏறிச்சு, வருஷத்துக்கு 92 மில்லியன் பவுண்டு வரைக்கும் கூடுதலா தர்றோம்னு டிசம்பர்ல அறிவிச்சாங்க, மேல சொன்ன 320 அதோட பகுதிதான். வரவேற்கறேன். என் 1½ மார்க்குல அந்த ½ இதுக்குத்தான்.

சரி, ஸ்டேஷனோட முடியாம கேஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தா? அதையும் கேட்டு வெச்சேன், உங்களுக்குத் தேவைப்படும். மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல (கிரிமினல் கேஸ் முதல்ல போற கீழ் கோர்ட்) முதல் நாள் அங்கயும் ஒரு டூட்டி சொலிசிட்டர் இருப்பாங்க, ஜெயிலுக்குப் போகற மாதிரி குத்தம்னா இலவசமா பேசுவாங்க. அதுக்கு மேல வேணும்னா அப்ளிகேஷன் போடணும், ரெண்டு பரீட்சை. கேஸ் அந்த அளவுக்குச் சீரியஸானு ஒண்ணு, வருமானம் ஒண்ணு. குடும்ப அமைப்புக்கேத்த மாதிரி கணக்கு போட்டப்புறம் வருஷ வருமானம் 12,475 பவுண்டுக்குள்ள இருந்தா கிடைக்கும், 22,325க்கு மேல போச்சுன்னா மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல கிடைக்காது, நடுவுல இருந்தா செலவெல்லாம் கழிச்சு முழுக் கணக்கு. யோசிங்க, ரெண்டு பேரும் சாதாரண வேலைக்குப் போற வீடு சுலபமா அந்தக் கோட்டைத் தாண்டிடும். கிரவுன் கோர்ட்ல (பெரிய குத்தங்களை விசாரிக்கற கோர்ட்) கொஞ்சம் தாராளம், செலவு போக மிஞ்சற வருமானம் 37,500ஐ எட்டினாத்தான் மறுப்பாங்க, ஆனா மாசாமாசம் ஒரு பங்கு கட்டச் சொல்லலாம், விடுதலையானா அதை வட்டியோட திருப்பித் தருவாங்க. தகுதி இல்லாம சொந்தக் காசு போட்டு ஜெயிச்சவங்களுக்குத்தான் கஷ்டம், திரும்பக் கிடைக்கறது லீகல் எய்ட் ரேட்ல மட்டும், நீங்க கட்டினது அதுக்கு எத்தனையோ மடங்கா இருக்கும்.

கிரவுன் கோர்ட் வேலைக்கு ஆபீசுக்குக் காசு வேற கணக்கு. என்ன குத்தம், ஒத்துக்கிட்டாரா விசாரணை நடந்துச்சா, எத்தனை நாள், அரசுத் தரப்பு ஆதாரம் எத்தனை பக்கம், இதையெல்லாம் ஃபார்முலால போட்டு வரும். பக்கம்! போன்லேருந்து இறக்கின மெசேஜ் ஆயிரக்கணக்குல இருந்தா ஃபீ ஏறும், சாட்சி ஒருத்தர் சொல்ற ரெண்டு பக்க வாக்குமூலத்துல ஒருத்தரோட உயிரே தொங்கினாலும் அது ரெண்டு பக்கம்தான். 2017ல இந்தப் பக்க வரம்பை 10,000லேருந்து 6,000க்குக் குறைச்சாங்க, அதையும் லா சொசைட்டி கோர்ட்டுக்குப் போய் 2018 ஆகஸ்ட்ல ரத்து பண்ண வெச்சுது. இதெல்லாத்தையும்விடப் பெரிய அடி, பெரும்பகுதிக் காசு கேஸ் முடிஞ்சாத்தான் வரும். முன்கூட்டி ஒரு பங்கு வாங்க வழி இருக்கு, ஆனா மிச்சம் நிக்கும். கிரவுன் கோர்ட்ல தேங்கி நிக்கற கேஸ் 2025ல 76,000ஐத் தாண்டிடுச்சு. 2023ல எடுத்த கேசுக்கு 2027ல விசாரணைன்னா, நாலு வருஷம் அந்த ஃபைல் வேலைக்குச் சம்பளம் ஆபீஸ் கைலேருந்து போகுது. பேலன்ஸ் ஷீட்ல லாபம் மாதிரி தெரியும், பேங்க்ல ஓவர்டிராஃப்ட் ஏறிக்கிட்டே போகும். என் கஸ்டமர் யாராவது இப்படி ஒரு பிசினஸ் பிளான் கொண்டு வந்தா வேணாம்ங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுடுவேன்.

எங்க கேஸ் முடிஞ்ச அன்னைக்கு மனசு தாங்காம ஒரு கவர்ல 200 பவுண்டு வெச்சு நீட்டினேன். அவங்க கையைப் பின்னாடி இழுத்துக்கிட்டாங்க. லீகல் எய்ட்ல செஞ்ச வேலைக்குக் கேஸ்காரர்கிட்டயோ குடும்பத்துகிட்டயோ மேல காசு வாங்கவே கூடாது, சட்டமே அப்படின்னாங்க. அதனால யாராவது "லீகல் எய்ட்தான், ஆனா கொஞ்சம் தனியா கொடுங்க"ன்னு கேட்டா அங்கயே உஷாராயிடுங்க. சித்தி கொடுத்தனுப்பின அசோகா அல்வாவை ஆபீஸ்ல எல்லாருக்கும்னு கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கிட்டாங்க.

½ மார்க் ஏன் குறைச்சேன்னா, காத்திருந்த நேரத்துல யாருமே எங்களுக்கு எதுவும் சொல்லல. ஆபீசுக்கு போன் பண்ணா சில நாள் யாரும் எடுக்கறதில்ல, பில் போடற பொண்ணேதான் ரிசப்ஷனும், அவங்களே கோர்ட்டுக்கு ஃபைலும் எடுத்துட்டு ஓடறாங்க. தப்பா சொல்லல, மேல சொன்ன கணக்குல ரெண்டாவது ஆள் வெக்க முடியாதுன்னு எனக்கே தெரியுது. ஆனா முதல் தடவை மாட்டிக்கிட்ட குடும்பத்துக்கு அந்தப் பதில் வராத போன் ரொம்பக் கொடுமை.

விசாக்காரங்களுக்கு முக்கியமா ஒண்ணு. எங்க வீட்ல இதை வெச்சு பெரிய பயம் ஓடிச்சு, இலவச வக்கீலை வாங்கினா பப்ளிக் ஃபண்ட்ஸ்னு சொல்லி விசாவைக் கேன்சல் பண்ணிடுவாங்களோன்னு. இல்லவே இல்ல. விசாவுல பப்ளிக் ஃபண்ட்ஸ்னு சொல்றது உதவித்தொகையும் வீட்டு உதவியும் மாதிரி ஒரு பட்டியல், அதுல லீகல் எய்ட் கிடையாது. பயமில்லாம கேளுங்க. கைது பண்ணாம சும்மா வந்து பேசிட்டுப் போங்கன்னு போலீஸ் கூப்பிடுவாங்க பாருங்க, வாலன்டரி இன்டர்வியூ, அதுக்கும் வக்கீல் இலவசம்தான், தனியா போயி உக்காராதீங்க. தெரிஞ்ச நல்ல ஆபீஸ் இருந்தா அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடலாம், லீகல் எய்ட் ஒப்பந்தம் இருக்கற ஆபீஸ்னா அதுவும் இலவசம். பேர் தெரியலன்னா "டூட்டி சொலிசிட்டர் வேணும், அவங்க வர்ற வரைக்கும் எதுவும் பேச மாட்டேன்", இது போதும்.

2025 ஜூன்ல அந்த ஆபீஸ் பக்கம் ஒரு வேலையா போனப்போ எட்டிப் பாத்தேன். லீகல் எய்ட் ஏஜென்சி கம்ப்யூட்டருக்குள்ள எவனோ புகுந்துட்டான்னு ஏப்ரல் 23ல கண்டுபிடிச்சு, மே மாசம் வெளிய சொல்லி, ஆன்லைன் போர்ட்டலையே மூடிட்டாங்க இல்லையா, 2010லேருந்து அப்ளை பண்ணவங்களோட விவரமெல்லாம் திருடு போச்சுன்னு நியூஸ்ல வந்துச்சே, அந்தச் சமயம். அவங்க மேஜை மேல பேப்பர் மலை. போர்ட்டல்ல நிமிஷத்துல முடியற அப்ளிகேஷனை ஃபார்ம் நிரப்பி அனுப்பிக்கிட்டிருக்காங்க, எந்த பில்லுக்கு எப்போ காசு வரும்னு பில் பொண்ணுக்கே தெரியல. ஆபீஸ்ல இருந்த ரெண்டு இளம் வக்கீல்ல ஒருத்தர் அரசுத் தரப்பு வேலைக்கே போயிட்டாராம், மாசா மாசம் சம்பளம், பென்ஷன், ராத்திரி கால் இல்ல, குத்தம் சொல்ல முடியல என்னாலன்னாங்க. அப்போ அவர் பாத்த ராத்திரி முறையெல்லாம்னு கேட்டேன். சுவத்துல ஒட்டியிருந்த ரோட்டாவைக் காட்டினாங்க. அந்த மாசம் நாலு சனிக்கிழமையில மூணுல அவங்க பேர்தான் இருந்துச்சு.